பால்வண்டி சென்ற பாதை: ரட்லண்டு இருப்புப்பாதையின் கதை



அமெரிக்க நாட்டு இருப்புப்பாதை என்றதும் நம்மவர் பலருக்கும் நினைவில் எழுவது, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை நீண்டு கிடக்கும் பெரும்பாதைகளே. 1869-ஆம் ஆண்டில் யூட்டா நிலப்பகுதியில் கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் இணைந்தபோது பொன்னாணி அறைந்த கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர் நம்மிடையே உண்டு. அவற்றைப் பற்றி நூல்களும் பல உள. ஆனால் அந்நாட்டில் ஒரு பள்ளத்தாக்கையோ, ஒரு சில ஊர்களையோ மட்டுமே நம்பிப் பிழைத்த சிறு கம்பெனிப் பாதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவ்வூர்களும் அப்பாதைகளை நம்பியே பிழைத்தன. இத்திங்கள் அத்தகைய ஒரு பாதையின் வரலாற்றைச் சொல்லக் கருதுகிறேன். பாலும் சலவைக்கல்லும் ஏற்றிச் சென்ற பாதை அது. இறுதியில் அது நின்றுபோனதற்கு உடனடிக் காரணமாய் அமைந்தது, வண்டியோட்டிகளின் குடும்பங்கள் எந்த ஊரில் குடியிருப்பது என்ற வழக்கே. இரயில்வேக் குடும்பங்கள் மிகுந்த நம் சங்கத்தார்க்கு அவ்வழக்கின் கனத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். அமெரிக்காவில் இருப்புப்பாதை நம் நாட்டிற்போல் அரசின் துறையன்று. ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கூடிப் பங்குப்பணம் திரட்டி, மாநிலச் சட்டமன்றத்தில் உரிமை பெற்றுப் பாதை போடுவர். இலாபம் வந்தால் பங்குக்குப் பங்கு கிடைக்கும். நட்டம் வந்தால் கம்பெனி திவாலாகும். நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை அமர்த்தும். அவராலும் இயலாதெனின் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பாய் விற்றுவிடுவர். அவ்வாறு பெயர்த்தெடுப்பதற்கு 1920 முதல் நடுவண் அரசின் மாநிலங்களிடை வாணிக ஆணையத்தின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு கிடைத்த பின் தடுப்பார் இல்லை.

நாட்டின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்றொரு மாநிலம் உளது. பரப்பில் நம் கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்கு எனலாம். மக்கள்தொகையோ இன்றைக்கும் ஆறரை இலட்சத்தை எட்டவில்லை. நடுவே பசிய மலைத்தொடர். மேற்கெல்லையில் சாம்ப்ளேன் என்னும் நீண்ட ஏரி. அந்த மலையைத் தாண்டிக் கடற்கரை நகரமாகிய பாஸ்டனோடு ஏரிக்கரையை இணைக்க வேண்டும் என்ற வேட்கை 1840-களில் எழுந்தது. ஒன்றல்ல, இரண்டு கம்பெனிகள் போட்டியிட்டுப் புறப்பட்டன. ஒன்று, ஆளுநராயிருந்து ஓய்வு பெற்ற சார்ல்ஸ் பெயின் என்பாரின் வெர்மாண்ட் சென்ட்ரல். மற்றொன்று, பர்லிங்டன் நகரத்து வணிகர் திமதி ஃபாலெட்டின் தலைமையில் அமைந்தது. 1843-இல் உரிமை பெற்று, பின்னர் ரட்லண்டு-பர்லிங்டன் இருப்புப்பாதை எனப் பெயர் மாறிய இதுவே நம் கதைக்குரியது. தெற்கே கனெக்டிகட் ஆற்றங்கரையிலுள்ள பெல்லோஸ் ஃபால்ஸ் என்னும் ஊரிலிருந்து மலையேறி, ரட்லண்டு நகரத்தின் வழியாகப் பர்லிங்டன் சென்று சேர்ந்தது அப்பாதை. 1849 டிசம்பரில் வேலை முடிந்தது.

அவ்வேலை நடந்த ஈராண்டுகளில் நிகழ்ந்தவற்றுள் மூன்று செய்திகள் உலகறிந்தவை. ஆயினும் மூன்றும் ஒரே பாதையைச் சேர்ந்தவை என்பதைப் பலர் அறியார். 1848-இல் மவுண்ட் ஹாலி என்னும் மலையுச்சி ஊரில் சதுப்பு நிலத்தை வெட்டிய தொழிலாளர், மாமூத் என்னும் பண்டைக்கால யானையின் பல்லையும் தந்தத்தையும் கண்டெடுத்தனர். லூயி அகாசி என்ற பேரறிஞர் அவற்றை ஆராய்ந்தார். மறு ஆண்டு ஏரிக்கரையை ஒட்டிய சார்லாட் என்னும் ஊரில் களிமண்ணை வெட்டும்போது ஒரு எலும்புக்கூடு வெளிப்பட்டது. சேடக் தாம்சன் என்ற இயற்கை அறிஞர் அதனைப் பொருத்திப் பார்த்து, வெண்திமிங்கிலம் என்று முடிவு கட்டினார். கடலிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் வயற்காட்டில் திமிங்கிலம்! பனியூழிக்குப் பின் அப்பள்ளத்தாக்கு முழுவதும் கடல்நீர் புகுந்திருந்தது என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று அவ்வெலும்புக்கூடு வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

மூன்றாவது செய்தி மனத்தை வருத்துவது. 1848 செப்டம்பர் 13-ஆம் நாள், கேவண்டிஷ் என்ற ஊரருகே பாறை பிளக்கும் குழுவின் மேஸ்திரியாயிருந்த பினியஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞர், துளையில் வெடிமருந்தைக் கெட்டித்துக்கொண்டிருந்தபோது மருந்து திடீரெனத் தீப்பற்றியது. மூன்றடி ஏழு அங்குல நீளமும் பதின்மூன்று பவுண்டுக்கு மேல் எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலையைத் துளைத்து வெளியேறிற்று. அவர் இறக்கவில்லை. ஜான் ஹார்லோ என்ற உள்ளூர் மருத்துவரின் கைநலத்தால் பிழைத்து, மேலும் பதினோராண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் குணம் மாறிவிட்டது என்று பழகியவர்கள் கூறினர். மூளையின் எப்பகுதி எதனை ஆள்கிறது என்ற ஆராய்ச்சி நூல்களில் அவர் பெயர் இன்றும் வருகிறது. மருத்துவ உலகிற்கு அவர் ஒரு சான்று. கம்பெனிக்கோ வேலைக்கு ஆகாதவர். குணமான பின் பழைய மேஸ்திரி வேலையை அவருக்குத் திருப்பித் தரவில்லை.

பாதை முடிந்த நாள் தொட்டே பணமுடை. போட்டிக் கம்பெனியோடு ஓயாத பூசல். 1871-இல் ரட்லண்டு பாதை முழுவதையும் எதிரியாகிய வெர்மாண்ட் சென்ட்ரலே பெருந்தொகைக்குக் குத்தகை எடுத்தது. அக்குத்தகைப் பளு தாங்காமல் எடுத்தவரே நொடித்துப்போனார் என்பது வேடிக்கை. இந்தக் கம்பெனிச் சண்டைகளை விரித்துரைப்பின் ஏடு கொள்ளாது. படிப்பவர்க்கும் சுவை தராது. 1896-இல் குத்தகை முறிந்து ரட்லண்டு மீண்டும் தன்காலில் நின்றது என்றளவில் நிறுத்துவோம்.

தன்காலில் நின்றதும் அது செய்த முதற்பெருஞ்செயல் துணிவானது. வடக்கே கனடா எல்லைக்குச் செல்ல எதிரியின் பாதையை நம்ப விரும்பாமல், சாம்ப்ளேன் ஏரியின் நடுவேயுள்ள தீவுகளின் மேலாகவே தன் பாதையைக் கொண்டுபோயிற்று. கரைக்கும் தீவுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மைல் தூரம் ஏரியைத் தூர்த்து அணை கட்டினர். அணைக்குப் போட்ட கல் எது தெரியுமா? ரட்லண்டுச் சுரங்கங்களில் கழிவாய்க் கிடந்த சலவைக்கல் துண்டங்கள்! நம் நாட்டில் பூசை அறைக்குச் சலவைக்கல் பதிக்க ஆண்டுக்கணக்கில் பணம் சேர்ப்போர் இதனைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். 1901-இல் அவ்வழி திறந்தது. அதே காலத்தில் மேற்கே செயிண்ட் லாரன்ஸ் ஆற்றுத் துறைமுகமாகிய ஆக்டன்ஸ்பர்க் வரை சென்ற பாதையும், தெற்கே பென்னிங்டன் வழியாக நியூயார்க் மாநிலத்துச் சேத்தம் வரை சென்ற கிளையும் ரட்லண்டின் கைக்கு வந்தன. எல்லாம் சேர்ந்து நானூறு மைலுக்குச் சற்று மேல். நம் கோட்டம் ஒன்றன் நீளத்திற்கும் குறைவு.

இனி, அது ஏற்றிய சரக்கைப் பார்ப்போம்.

சலவைக்கல்லைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. ரட்லண்டைச் சூழ்ந்த பிராக்டர், டான்பி ஆகிய ஊர்களில் வெட்டிய வெண்கல் நாடெங்கும் சென்றது. வாஷிங்டன் நகரத்தில் ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தின் வெளிப்புறம் டான்பிக் கல்லே. கல் கனமான சரக்கு. அழுகாது, உருகாது, ஒரு நாள் தாழ்ந்தாலும் கேட்பாரில்லை. பால் அப்படியன்று.

வெர்மாண்ட் நிலம் கல்லும் மேடும் ஆனது. கோதுமை விளைச்சலில் மேற்குச் சமவெளிகளோடு போட்டியிட இயலாது. ஆகவே குடியானவர்கள் முதலில் ஆடு வளர்த்தனர்; பின்பு மாட்டுக்கு மாறினர். பாலை நெடுந்தூரம் அனுப்ப முடியாத காலத்தில் வெண்ணெயாகவும் பாற்கட்டியாகவும் ஆக்கி விற்றனர். 1851-இல் ஆக்டன்ஸ்பர்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு பெட்டி வெண்ணெய் சென்றது. சுவர்களில் மரத்தூள் அடைத்து, உள்ளே பனிக்கட்டி வைத்த மரப்பெட்டி அது. அமெரிக்க இருப்புப்பாதைகளில் குளிர்பெட்டியின் தொடக்கம் என்று அதனையே குறிப்பர். அவ்வண்டி புறப்பட்ட பாதைதான் பின்னாளில் ரட்லண்டின் வடமேற்குக் கிளையாயிற்று.

வெண்ணெய் போன வழியில் பால் சென்றது. முறை இதுவே. மாரிக்காலத்தில் ஏரிகளும் குட்டைகளும் உறையும்போது பனிக்கட்டியை இரம்பத்தால் அறுத்து, நிலையத்தை ஒட்டிய கொட்டகைகளில் மரத்தூளுக்கிடையே அடுக்கி வைத்துவிடுவர். அது கோடை முழுதும் தாங்கும். குடியானவர் விடியுமுன் பால் கறந்து, நாற்பது குவார்ட்டு கொள்ளும் தகரக் கேன்களில் ஊற்றி, குதிரை வண்டியில் நிலையத்துப் பாற்சாலைக்குக் கொண்டுவருவர். நிறைந்த கேன் ஒன்று நூறு பவுண்டுக்கு மேல் எடையிருக்கும். அங்கே எடைபோட்டு, குளிரூட்டிப் பெட்டியிலேற்றி, மேலே பனிக்கட்டியைக் கொட்டுவர். பால்வண்டி நிலையந்தோறும் நிற்கும். ஆனால் நின்ற நேரம் தவிர மற்றபடி பயணிவண்டியின் வேகத்தில் ஓடும். மற்றச் சரக்கு வண்டிகள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கும். சேத்தம் சேர்ந்ததும் பெட்டிகளை நியூயார்க் சென்ட்ரல் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். மறுநாள் பொழுது புலருமுன் நியூயார்க் நகரத்தில் பால். கழுவிய வெறுங்கேன்கள் திரும்பி வரும். தத்தம் அடையாளம் பார்த்து அவரவர் எடுத்துச் செல்வர்.

சரக்கு அலுவலகத்தில் பேனா பிடிக்கும் எனக்கு இதில் வியப்பு தருவது பாலன்று, கணக்கு. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை கேன் ஏறிற்று, எத்தனை வெறுங்கேன் இறங்கிற்று, பனிக்கட்டி எவ்வளவு என்று எழுதியவர் ஒரே ஒருவர்: நிலைய ஏஜெண்டு. பயணச்சீட்டு கொடுப்பவரும் அவரே, தந்தியடிப்பவரும் அவரே, பார்சல் பதிவதும், சில ஊர்களில் அடுப்புக்குக் கரியிடுவதும் அவரே. தேர்தல் முடிவும், சாவுச் செய்தியும் ஊருக்குள் முதலில் அவர் செவியையே எட்டும். அஞ்சலும் வண்டியில்தான், ஓடும் பெட்டியிலேயே கடிதங்களைப் பிரித்து ஊர்தோறும் பையை எறிந்து செல்வர். நம் நாட்டிலும் ஓடும் வண்டியில் கடிதம் பிரித்த ஆர்.எம்.எஸ். ஊழியர்களை நாம் அறிவோம். ஆகவே பால்வண்டி வந்தது என்றால் பாலுக்கு மட்டும் வந்ததன்று. ஊர் முழுவதற்கும் வந்தது.

(பாலை வண்டியில் அனுப்பும் வழக்கம் பழங்கதை ஆகிவிடவில்லை. 2020-இல் ரேணிகுண்டாவிலிருந்து தில்லி நிஜாமுதீனுக்குப் பால் டாங்கி வண்டிகள் தனி விரைவு வண்டியாய் ஓடத் தொடங்கியதை நம்மவர் அறிவர். தில்லியிலுள்ள நம் சங்கத்துத் தாய்மார்கள் உறையூற்றிய தயிரில் சித்தூர்ச் சீமைப் பாலும் இருந்திருக்கக் கூடும்.)

இவ்வாறு நடந்துவந்த பிழைப்பில் இடி மேல் இடி விழுந்தது. சிகாகோவிலிருந்து தானியம் கொண்டுவர ரட்லண்டு கம்பெனி ஏரிக் கப்பல்கள் நடத்திவந்தது. இருப்புப்பாதைக் கம்பெனிகள் போட்டி நீர்வழி நடத்தலாகாது என்று பனாமா கால்வாய்ச் சட்டம் விதித்ததால் 1915-இல் அக்கப்பல்கள் கைவிட்டுப் போயின. 1927 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. மாநிலத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துணை ஆளுநரும் அவருள் ஒருவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. அதனைச் சீர்செய்ய ஆன செலவு கம்பெனியின் முதுகை முறித்தது. வெள்ளத்துக்குப் பின் மாநிலம் புதிதாய்ப் போட்டது என்ன? நல்ல தார்ச்சாலைகள். அச்சாலைகளில் பால் லாரிகள் ஓடத் தொடங்கின. லாரி குடியானவர் வீட்டு வாசலுக்கே வரும். நிலையத்துக்குக் கேன் சுமக்க வேண்டுவதில்லை. யார் மறுப்பார்?

1938-இல் ரட்லண்டு திவாலாகி நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்கு வந்தது. அப்பொழுது நடந்தது நினைவிற் கொள்ளத்தக்கது. ஊழியர்களும் ஊராரும் சேர்ந்து ‘ரட்லண்டைக் காப்போம்’ என்று சங்கம் கூட்டினர். ஊழியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். வணிகர்கள் லாரியை விட்டு வண்டியில் சரக்கனுப்ப முன்வந்தனர். ‘விப்பெட்’ என்ற வேட்டைநாயின் பெயரால் ஒரு விரைவுச் சரக்கு வண்டியும் விட்டனர். போர்க்காலப் போக்குவரத்தும் கைகொடுத்தது. பாதை பிழைத்தது. ஊதியத்தை விட்டுக்கொடுத்துக் கம்பெனியைக் காத்த அவ்வூழியர்களை, பின்னாளில் கம்பெனியைக் கொன்றவர்கள் என்று சிலர் ஏசினர். அதனால்தான் இதனை இங்குக் குறித்தேன்.

1950-இல் கடன்கள் தீர்க்கப்பட்டுப் புதிய கம்பெனி அமைந்தது. கார்ட்னர் கேவர்லி என்பவர் தலைவரானார். கணக்கில் கெட்டிக்காரர். நீராவி இஞ்சின்களை இரும்பு விலைக்கு விற்று டீசல் இஞ்சின் வாங்கினார். சரக்குப் பெட்டிகள் புதிதாய்ச் செய்வித்தார். நட்டம் தந்த சேத்தம் கிளையைப் பெயர்த்தார். பால்வண்டி ஓடிய அந்த வளைவு நிறைந்த கிளை 1953-இல் மறைந்தது. அதே ஆண்டு ஜூனில் ஊதியம் பற்றி வேலைநிறுத்தம் வந்தது. நியூயார்க்குக்கும் மாண்ட்ரியாலுக்கும் இடையே பகலில் ஓடிய ‘கிரீன் மவுண்டன் ஃப்ளையர்’, இரவில் ஓடிய ‘மவுண்ட் ராயல்’ என்ற இரு பயணிவண்டிகளும் நின்றன. மூன்று கிழமைகளில் நிறுத்தம் தீர்ந்தது. சரக்கு வண்டிகள் புறப்பட்டன. பயணிவண்டிகள் மட்டும் புறப்படவேயில்லை. பயணிவண்டியால் நட்டமே என்றெண்ணிய நிருவாகத்திற்கு அந்த வேலைநிறுத்தம் நல்வாய்ப்பாய் அமைந்தது என்று நான் கருதுகிறேன். வண்டி நின்றதால் அஞ்சலும் சாலைக்குப் போயிற்று; ஏஜெண்டுகள் பலர் வேலையிழந்தனர். கம்பெனிக்கு இலாபம் வரத் தொடங்கியதும் உண்மையே. ஊருக்குப் பயன்படாமலே பாதை இலாபம் பெறக்கூடும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1960 செப்டம்பரில் மீண்டும் வேலைநிறுத்தம். நாற்பது நாளளவில் நீடித்து, நீதிமன்றத் தலையீட்டால் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வழக்கின் நடு முடிச்சு யாதெனில், வண்டியோட்டத்தை மாற்றியமைக்கும் திட்டம். தலைமுறை தலைமுறையாக டிரைவர், கார்டு, பிரேக்மேன் ஆகியோர் பணிமாறும் ஊராய் இருந்தது ரட்லண்டு. பாதைகள் கூடும் நடுவிடம் அது. அங்கிருந்து எத்திசையில் வண்டி கொண்டுபோனாலும் பெரும்பாலும் தம் வீட்டுக்கே திரும்பலாம். நிருவாகம் ஓட்டங்களை நீட்டி, பணிமாறும் இடத்தை ரட்லண்டிலிருந்து அகற்ற விரும்பியது. வேலையாள் குறையும், செலவு குறையும். எஞ்சியவரோ வீட்டை விற்றுப் பாதையின் முனைகளிலுள்ள ஊர்களுக்குக் குடிபெயர வேண்டும்.

நம் இரயில்வேயில் ரன்னிங் ஸ்டாஃபின் தலைமையிடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்கள் அறியும். குவார்ட்டர்ஸ் காலிசெய்ய வேண்டும். பிள்ளைகளின் பள்ளி நடு ஆண்டில் மாறவேண்டும். முதியோரை எங்கே விடுவது என்ற கேள்வி வரும். ஆயினும் நமக்கு மாற்றல் என்பது வேலையோடு பிறந்தது. போகும் ஊரில் ஏதோ ஒரு குடியிருப்பும் கிடைக்கும். ரட்லண்டு ஊழியர்க்கு அவ்விதி என்றும் இருந்ததன்று. நானூறு மைல் கம்பெனியில் சேர்ந்தவர் அவ்வூரிலேயே நிலம் வாங்கி, கடனில் வீடு கட்டி, மாதாகோயிலுக்கும் பள்ளிக்கும் சந்தா கொடுத்து வேரூன்றியவர். பாதை போட வந்த அயர்லாந்துத் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் அவரிடையே உண்டு. அவர்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், நாளொன்றுக்கு ஓடும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில், பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்திருக்க எந்த நிருவாகத்தாலும் இயலாது என்பதும் கணக்கு அறிந்தவர்க்குப் புரியும். இரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து, ‘இத்தனை குடும்பத்துக்கு வீட்டிழப்புக்கு ஈடு இவ்வளவு’ என்று பேசியிருக்கலாகாதா என்று தோன்றுகிறது. பேசினர், முடிவு எட்டவில்லை.

தவணை முடிந்தது. 1961 செப்டம்பர் 25-இல் ஊழியர் மீண்டும் வெளியேறினர். அன்று நின்ற வண்டிகள் ரட்லண்டு கம்பெனியின் பெயரில் பிறகு ஓடவேயில்லை. டிசம்பரில் நிருவாகம் பாதை முழுவதையும் கைவிட இசைவு கேட்டு ஆணையத்துக்கு விண்ணப்பித்தது. வேலைநிறுத்தத்தை முறிக்க விடுத்த அச்சுறுத்தல் என்றே தொழிற்சங்கத்தார் முதலில் எண்ணினர் போலும். ஆனால் பங்குதாரர் கணக்கு வேறு. பாதையை ஓட்டி ஆண்டுதோறும் சிறு இலாபம் காண்பதைவிட, பாதையை விற்றால் ஒரே முறையில் பெருந்தொகை கிட்டும். 1962-இல் ஆணையம் இசைவளித்தது. 1963 மே திங்களில் கைவிடுதல் நிறைவேறியது. கொன்றவர் யார் என்று என்னைக் கேட்டால், லாரி பாதி, பங்குதாரர் கணக்கு பாதி என்பேன். வேலைநிறுத்தம் நாளைக் குறித்தது, அவ்வளவே.

வண்டி நின்ற அக்காலத்தில் ஊர்களின் பாடு எளிதாயில்லை. தீவனக் கடைகளும், கல் ஆலைகளும், எண்ணெய்க் கிடங்குகளும் லாரி வாடகை கொடுத்துத் தள்ளாடின. அப்போது ஆளுநராய் வந்த பிலிப் ஹாஃப் காலத்தில், சிக்கனத்துக்குப் பேர்போன வெர்மாண்ட் சட்டமன்றம் எதிர்பாராத காரியம் ஒன்று செய்தது. பர்லிங்டனிலிருந்து ரட்லண்டு வழியாகப் பென்னிங்டன் வரையுள்ள பாதையை 27 இலட்சம் டாலர் விலையில் மாநிலமே வாங்க முடிவு செய்தது. பாதை அரசுடையது, ஓட்டுவது தனியார் கம்பெனி குத்தகைக்கு. ஜே வுல்ஃப்சன் என்பவர் வெர்மாண்ட் ரெயில்வே என்ற பெயரில் 1964 ஜனவரியில் வண்டி விட்டார். மறு ஆண்டில் பெல்லோஸ் ஃபால்ஸ் கிளையும் கிரீன் மவுண்டன் என்ற பெயரில் உயிர் பெற்றது. அவ்விரண்டும் இன்று ஒரே குடும்பமாய் ஓடுகின்றன. கட்டிடத்துக்குச் சென்ற சலவைக்கல் இப்போது பொடியாய், காகிதத்துக்கும் வண்ணப் பூச்சுக்கும் செல்கிறது. இதுவே இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊர் தன் பாதையை விலைகொடுத்து மீட்டுக்கொண்டது.

மீளாத பகுதியும் உண்டு. ஏரித் தீவுகளின் மேல் சென்ற வழியைப் பெயர்த்துவிட்டனர். சலவைக்கல் அணை மட்டும் ஏரியில் நிற்கிறது; மக்கள் அதன்மேல் மிதிவண்டி ஓட்டுகின்றனர். கப்பலுக்கு வழிவிடத் திறந்த பாலம் இருந்த இடைவெளியைக் கோடையில் ஒரு சிறு படகு கடத்துகிறது. ரட்லண்டு நகரத்து யார்டு இருந்த இடத்தில் கடைத்தொகுதி எழுந்தது. பாலும் திரும்பவில்லை. 1947-இல் மாநிலத்தில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பாற்பண்ணைகள் இருந்தன. இன்று ஐந்நூறை ஒட்டியே உள்ளன.

பயணிவண்டி மட்டும் மெல்லத் திரும்பியது. 1996 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து ரட்லண்டு வரை ‘ஈதன் ஆலன்’ என்ற விரைவு வண்டி வந்தது. அதனைப் பர்லிங்டன் வரை நீட்டப் பழைய பாதையைச் செப்பனிட்டு, மிடில்பரி ஊரின் நடுவே சுரங்கவழி அமைத்து முடிக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2022 ஜூலை 29-ஆம் நாள் அவ்வண்டி பர்லிங்டன் சேர்ந்தது. 1953-க்குப் பின் நியூயார்க்கிலிருந்து அந்நகர் நடுவே வந்து நின்ற முதல் நேர்வண்டி அது. பயணம் ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அந்நாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் அன்பர்கள் அதில் போவதாயின், நியூயார்க்கில் ஏறும்போதே இடப்பக்கச் சன்னலோரம் பார்த்து அமர்க. ஆல்பனி வரை ஹட்சன் ஆறு கூடவே வரும்.